நேராக்கிய கண்

என் மகளின் வலது கண் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், மூக்கின் நுனியை எட்டிப் பார்ப்பதுபோல. எதிரில் இருப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். தெரிந்ததும் வேறு எங்கேயாவது பார்ப்பார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் நான் எடுத்த அவளுடைய படங்கள் நிறைய இருக்கின்றன. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பிளஸ் டூ முடித்தது வரை, ஒன்றில்கூட அந்தக் கண் திரும்பியிருக்காது. எல்லாவற்றிலும் இரண்டு கண்ணும் நேராக இருக்கும். நேராக்கியவன் நான்.

காரிமங்கலத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாணம், காதுகுத்து, மாதா கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புது நன்மை விழா, இறந்தவர்களின் பழைய படத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது, எல்லாம் உண்டு. சந்தை நாளில் கூட்டம் அதிகம். நான் பட்டதாரிதான். வேலை கிடைக்கும்வரை என்று கடை போட்டேன், அதுவே வேலையாகிவிட்டது.

முகத்தைப் பற்றி இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. இடது பாதியை எடுத்துக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வலது பக்கம் ஒட்டினால், படத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். இருந்தும் நம் மூளை எதிரில் வரும் முகத்துக்கு நடுவே நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. மூக்கு கொஞ்சம் சாய்ந்திருந்தால் விட்டுவிடும். ஒரு காது கீழே இறங்கியிருந்தாலும் விட்டுவிடும். கண்மணி ஒரு நூல் நகர்ந்திருந்தால் விடாது. சட்டையில் பட்டன் அறுந்திருப்பதைக் கவனிக்காத வாடிக்கையாளர்கூடத் தன் கண் படத்தில் லேசாக விலகியிருந்தால், "அண்ணா, இது என்னாண்ணா இப்படி வந்திருக்கு?" என்பார்.

நேராக்குவது ஐந்து நிமிட வேலை. நல்ல கண்ணை நகலெடுத்து, இடம் வலமாகத் திருப்பி, மற்றக் கண்ணின் மேல் வைத்து, ஓரத்தைக் கரைத்துவிட்டால் போதும். அந்த வேலையைச் செய்யும்போது படத்தைத் தலைகீழாக வைத்துக்கொள்வேன். தொழிலில் பலரும் செய்வதுதான். தலைகீழாக இருக்கும் முகத்தை மூளை முகமாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே ஒரு உருண்டை, இங்கே ஒரு வளைவு, அவ்வளவுதான். மனம் குறுக்கே வராது, கை சுத்தமாக வேலை செய்யும். என் மகளின் படங்களையும் அப்படித்தான் தலைகீழாக வைத்துச் செய்தேன். அவளைப் பார்க்காமலே அவள் முகத்தைத் திருத்தினேன் என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

எங்கள் பக்கத்தில் மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்கள். அவள் குழந்தையாக இருந்தபோது கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். "அதிர்ஷ்டக் கண்ணுங்க, இவ போற வூடு வெளங்கும்." நானும் சிரித்துக்கொண்டே "ஆமாங்க, இவ பொறந்தப்புறம்தான் கடையே நிமிந்துச்சு" என்று சொல்லியிருக்கிறேன். வாயால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு, பிறகு ஒரு நாள் கணினியில் உட்கார்ந்து அந்த அதிர்ஷ்டத்தை அழித்தேன்.

அவளுக்கு ஒன்பது வயதில் புது நன்மை கொடுத்தார்கள். வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவத்தி. அந்தப் படத்தை நடுவில் பெரிதாக வைத்து, சுற்றிலும் ஒரு வயதிலிருந்து வருடத்துக்கு ஒன்றாக எட்டுப் படங்களைச் சிறிதாக அடுக்கி ஒரு பிரேம் செய்தேன். கடைக்கு மாதிரியாகவும் இருக்கட்டும் என்று சுவரில் மாட்டினேன். மாட்டுவதற்கு முன்னால் பழைய படங்கள் எட்டையும் எடுத்து, எதில் கண் எப்படி இருக்கிறது என்றுகூட நின்று பார்க்காமல் வரிசையாக நேராக்கினேன். நேராக்கியதைப் பழையதன் மேலேயே பதிந்தும் விட்டேன், ஆல்பத்தில் இருந்தவற்றையும் அப்படியே மாற்றிவிட்டேன். மூலப் படம் என்று எதுவும் மிஞ்சவில்லை. அன்று அது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. குப்பையைக் கூட்டித் தள்ளியதுபோல இருந்தது.

அதே வருடம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளுடைய டைரியில் எழுதி அனுப்பினார். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி. என் மனைவி டைரியை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"என்னாங்க, டீச்சர் எழுதியிருக்காங்க. தர்மபுரில காட்டிட்டு வந்துரலாமா?"

"அதெல்லாம் தானாச் சரியாப் போயிடும்."

"எனக்கென்னமோ சின்னதுலேர்ந்தே இருக்கற மாதிரி தோணுதுங்க."

நான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த பிரேமைக் காட்டினேன். "இங்க பாரு. ஒரு வயசு. ரெண்டு வயசு. மூணு வயசு. எதுல திரும்பியிருக்கு, சொல்லு? எப்பவாவது அசந்தாத்தான் அப்படிப் போவுது. வளர வளர நின்னுடும்."

அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, நேராத்தான் இருக்கு. எனக்குத்தான் மனசு அப்படி நெனைக்குது" என்று சொல்லிவிட்டு டைரியில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

நான் பொய் சொல்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள். தினமும் கண்ணெதிரே தொங்கும் படத்தை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். அவளுடைய மூன்று வயது முகத்தை நினைத்தால், அந்தப் பிரேமில் இருக்கும் முகம்தான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கும் அதுதான் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. சொல்ல நாக்கு கூசுகிறது. அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். கடையில் ஒரு அம்மாள், அரூர்ப் பக்கத்துக்காரர், மகன் கல்யாணத்துக்குப் பேச வந்திருந்தார். அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார்.

"போட்டோல இருக்கறது இந்தப் பாப்பாவோட தங்கச்சிங்களா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

அந்த அம்மாள் போனதும் அவள் தூக்கை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏம்ப்பா, எனக்குத் தங்கச்சி இருக்கறத எங்கிட்ட சொல்லவே இல்ல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் எப்போதும் இப்படித்தான், எதையும் கேலியாக்கிவிடுவாள். அந்த நடுப்படத்தில் நான் கை வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். பெரிய படங்களில் எல்லா ஸ்டுடியோவிலும் செய்வதுதான் என்று நினைத்துக்கொண்டாள். சுற்றியிருந்த குழந்தைப் படங்களில் கை வைத்தது மட்டும் அவளுக்குத் தெரியாது.

இனி விபத்துக்கு வருகிறேன்.

கல்லூரி சேர்ந்ததும் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழகுநர் உரிமம் எடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பின்னால் உட்கார்ந்து கொள்வேன், அவள் ஓட்டுவாள். நான்காவது வாரம். மாந்தோப்புக்குப் போகும் மண்பாதைக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிரில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி யானை, அந்தச் சின்னச் சரக்கு வண்டி, வந்துகொண்டிருந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள், நேராக அதைப் பார்த்தாள், கையைக் காட்டினாள், திரும்பினாள். வண்டி போவதற்காகத்தான் நிற்கப்போகிறாள் என்று நினைத்த நான் கத்துவதற்குள் டிரைவர் பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்தார். மோதவில்லை. நாங்கள் இருவரும் சறுக்கி விழுந்தோம். தக்காளிப் பெட்டி இரண்டு ரோட்டில் கவிழ்ந்தது.

எழுந்ததும் நான் செய்த முதல் காரியம் அவளைத் திட்டியது. நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் முன்னால்.

"கண்ணு என்னா பொடனியிலயா இருக்கு உனக்கு? இவ்ளோ பெரிய வண்டி வர்றது தெரியல?"

அவள் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். "அது நின்னுட்டு இருந்துச்சுப்பா" என்றாள்.

"பொய் சொல்லாத!"

"இல்லப்பா. நெஜமா நின்னுட்டு இருந்துச்சு."

நான் கையை ஓங்கிவிட்டேன். பதினெட்டு வயதுப் பெண்ணை, நடுரோட்டில். அந்த டிரைவர்தான் என் கையைப் பிடித்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "அண்ணா, திட்டறத அப்புறம் வெச்சுக்கங்க. மொதல்ல பாப்பா கையப் பாருங்க, தொங்குது" என்றார்.

இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட டூட்டி டாக்டர், தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க டார்ச் அடித்தார். வலது கண்ணில் அடித்தவர் அங்கேயே நின்றார். "இந்தக் கண்ணு எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். நான் "சின்ன வயசுலேர்ந்துங்க" என்றேன். "சின்ன வயசுன்னா?" என்றார். நான் மகளைப் பார்த்தேன். கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கண் டாக்டர் எங்கள் வயதுடைய பெண்மணி. அதட்டாமல் பேசுபவர். அவர் வைத்த சோதனைகளில் ஒன்றை என்னால் மறக்க முடியாது. ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு ஒரு அட்டையைக் காட்டினார். அட்டையில் பெரிய ஈ ஒன்றின் படம். "இந்த ஈயோட றெக்கையைப் பிடிம்மா" என்றார். என் மகள் நல்ல கையை நீட்டி, விரலை அட்டையின் மேல் அழுத்தி வைத்தாள். "படத்துலதானே மேடம் இருக்கு, எப்படிப் பிடிக்கறது?" என்றாள். டாக்டர் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். நான் மாட்டிப் பார்த்தேன். ஈ அட்டையை விட்டு மேலே எழும்பி நின்றது. என்னையறியாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். "என்னாப்பா, கடிச்சிருச்சா?" என்றாள்.

பதினெட்டு வருடமாக அவள் பார்த்த உலகத்தில் எதுவும் அப்படி எழும்பி நின்றதில்லை. அவளுக்கு அது தெரியவும் தெரியாது. எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் எனக்கு விளக்கினார். "நீங்க போட்டோகிராபர்தானே, சீக்கிரம் புரியும். ரெண்டு கண்ணும் ரெண்டு படம் எடுக்குது, கொஞ்சம் தள்ளித் தள்ளி. மூளை ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, அந்த வித்தியாசத்துலேர்ந்துதான் எது கிட்ட, எது தூரம்னு கண்டுபிடிக்குது. ஒரு கண்ணு திரும்பியிருந்தா ரெண்டு படமும் ஒட்டாது. எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியும். கொழந்தையோட மூளை அதத் தாங்காம ஒரு படத்த அழிச்சிடும். கண்ணு கெட்டுப்போகல சார். மூளை அதக் கேக்கறத நிறுத்திடுச்சு."

வண்டி நின்றுகொண்டிருந்தது என்று அவள் சொன்னதைக் கேட்டேன். அதைக் கேட்கும்போதும், அவள் பொய் சொன்னாள் என்று இவர் சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது.

"நேரா நம்மளப் பாத்து வர்ற வண்டி எல்லாருக்குமே கொஞ்ச நேரம் நிக்கற மாதிரிதான் இருக்கும்" என்றார் அவர். "குறுக்கால போனா எடம் மாறுது, மூளைக்கு உடனே தெரிஞ்சிரும். நேரா வந்தா எடம் மாறாது. அளவுதான் கொஞ்சங்கொஞ்சமாப் பெருசாகும். கிட்ட வந்தப்புறம் திடீர்னு ஊதும். கிட்டத்துல வர்றதுக்கு ரெண்டு கண்ணும் சேர்ந்து உதவி பண்ணும், இவளுக்கு அந்த உதவி இல்ல. அதனாலதான் விழுந்தான்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பொய் சொல்லல, சார். அவளுக்கு நின்னுட்டுத்தான் இருந்திருக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அறுவை சிகிச்சை செய்தால் கண்ணை நேராக்கிவிடலாம் என்றார். ஆனால் நேரானபிறகு மூளை இரண்டு படத்தையும் சேர்க்குமா என்பதுதான் கேள்வி. பிறந்த கொஞ்ச காலத்திலேயே திரும்பியிருந்தால் மூளை சேர்க்கவே கற்றுக்கொண்டிருக்காது. இப்போது புதிதாகக் கற்பது கடினம். நாலைந்து வயதுவரை நேராக இருந்து அப்புறம் திரும்பியிருந்தால், முன்பு தெரிந்ததுதானே, திரும்ப வர வாய்ப்பு உண்டு. "அதனால எப்பத் திரும்புச்சுன்னு எனக்குத் தெரியணும். சின்ன வயசு போட்டோ இருந்தா எல்லாத்தையும் கொண்டு வாங்க. உங்ககிட்ட இல்லாத போட்டோவா?" என்று சிரித்தார்.

ஊருக்கு வந்ததும் அவள் கடையிலிருந்த பிரேமைக் கழற்றச் சொல்லி வீட்டுக்கு எடுத்துவந்து, ஆல்பங்களையும் எடுத்து ஒற்றைக் கையால் தரையில் பரப்பினாள். "அம்மா, இங்க வந்து பாரேன். ஒரு வயசுல நேரா இருக்கு. ரெண்டுல நேரா இருக்கு. நாலுலயும் நேராத்தான் இருக்கு!" அவள் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். "நான்தான் அன்னைக்கே பாத்தேனே" என்று என்னைப் பார்த்தாள், நன்றியோடு. அவளுக்கு அன்றைய பேச்சு ஞாபகம் இருந்தது. "அப்பா சொன்னது சரிதான் சாமி. சின்னதுல நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையில் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். படங்கள் இருந்த பையை அவள் மடியில் வைத்திருந்தாள். மாவுக்கட்டுக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, "கண்ணு சரியாயிட்டா மொதல்ல அந்த ஈயப் புடிக்கணும்ப்பா" என்றாள்.

டாக்டர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கே. நாலு வயசு, அஞ்சு வயசு வரைக்கும் நேரா இருந்திருக்கே" என்றார். மகள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிறகு டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்தார். இரண்டு வயதுப் படத்தின்மேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவருக்கும் எனக்கும் ஒரே பழக்கம். கண்ணில் விழும் வெளிச்சப் பொட்டைத்தான் அவர்களும் பார்க்கிறார்கள். டார்ச் அடித்து, பொட்டு எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் கண் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஒரு விளக்கு வைத்து எடுத்தால் பொட்டு இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் விழ வேண்டும். ஒரு கண்ணைத் திருப்பி ஒட்டினால் பொட்டும் சேர்ந்து திரும்பிவிடும். அவர் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் இரண்டு பொட்டும் மூக்கைப் பார்த்து விழுந்திருந்தன.

"ரெண்டு பக்கமும் லைட் வெச்சு எடுத்தீங்களா சார்?"

"ஆமாங்க மேடம்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. அவர் பைலில் இரண்டு வரி எழுதினார். வேறு ஒரு சோதனைக்காக அவளை உள்ளே அனுப்பினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் கண்ணின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அந்த இரண்டு வரியை நம்பி ஒருவர் என் மகளின் கண்ணில் கத்தி வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

"மேடம், அந்தப் போட்டோவெல்லாம் நான் சரி பண்ணதுங்க."

"எது?"

"எல்லாமேங்க."

"ரெண்டு லைட்டுன்னு சொன்னீங்களே?"

"பொய்ங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பைலைத் திறந்து, எழுதிய இரண்டு வரியையும் அடித்தார். "அந்தப் பொண்ணுக்கு நான் ஆசை காட்டிட்டேனே சார்" என்றார். "இப்ப அவகிட்ட யார் சொல்றது?"

நான் மேசைமேல் கிடந்த படங்களை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும். இன்னைக்கே."

எதிரில் ஒரு டீக்கடை இருந்தது. அவளுக்கு ஒரு டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் பிள்ளைகளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். "இங்க பாரு கண்ணு" என்று ஆரம்பித்தவன், அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "சொல்லுங்கப்பா" என்றாள். சொன்னேன்.

"எல்லாமேயா?"

"எல்லாமே."

"ஒரு வயசு போட்டோவும்?"

"அதுவும்."

"அதுல திரும்பியிருந்துச்சா, அதனால மாத்துனீங்களா?"

"தெரியல. பாக்காமயே மாத்திட்டேன்."

பிஸ்கட் டீயில் உடைந்து விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப சின்னதுல என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. ஒரு செய்தியைப் படிப்பதுபோலச் சொன்னாள். டீயைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "நான் சொல்லல. நீங்களே சொல்லுங்க" என்றாள். டாக்டர் சொன்னதைப் போலவே.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டு உறைக்குள் இருந்த மகளின் பழைய ஆதார் அட்டையை எடுத்தாள். ஐந்து வயதில் எடுத்தது. அந்தப் படத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எப்போதும் சிரிப்பு. அழுது வடியும் முகம், கலைந்த தலை, "நாட்டுல யாருக்குமே பிடிக்காத போட்டோ" என்பாள் மகள். அதை எடுத்தது நான் இல்லை என்பதால் அதில் யாரும் எதையும் திருத்தவில்லை. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தோம். கண் நன்றாகத் திரும்பியிருந்தது.

அப்போதுதான் என் மனைவி சொன்னாள். "ரெண்டு வயசுல டம்ளர எடுக்கறப்ப பக்கத்துல காத்தப் புடிப்பா. ரெண்டு மூணு தரம் புடிச்சிட்டு அப்புறம்தான் டம்ளரப் புடிப்பா. நான் வெளையாடறான்னு நெனச்சேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "எனக்கு அப்பவே ஞாபகம் இருந்துச்சுங்க. நீங்க போட்டோவக் காட்டுனீங்க. நான் என் ஞாபகத்த விட்டுட்டேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அதுவும் எனக்கு வெட்கமாக இருந்தது. அழ வேண்டியவர்கள் அந்த வீட்டில் வேறு இரண்டு பேர்.

அடுத்த முறை மூன்று பேருமாகப் போனோம். டாக்டர் ஆதார் அட்டையைப் பார்த்தார், டம்ளர் கதையைக் கேட்டார். "ரொம்பச் சின்னதுலயே திரும்பியிருக்கு" என்றார். "ஆபரேஷன் பண்ணா கண்ணு நேராயிடும், அதுல சந்தேகமில்ல. ஆழம் தெரியும்னு நான் வாக்குக் குடுக்கமாட்டேன். கொஞ்சம் வந்தாலும் வரலாம், சில பேருக்கு வந்திருக்கு. பெரும்பாலும் பாக்கறதுக்கு நல்லா இருக்கும், அவ்ளோதான்."

"ஒம்பது வயசுல வந்திருந்தா?" என்று என் மனைவி கேட்டாள். டீச்சர் டைரியில் எழுதிய வயது.

டாக்டர் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். "ஏதாவது பண்ணிப் பாத்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

என் மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கட்டுப் பிரித்த கையின் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பாக்கறதுக்கு மட்டும்னா, அத எங்கப்பாவே செஞ்சிட்டாரு மேடம்" என்றாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டார். என் மனைவி அவள் தொடையில் தட்டினாள். அவள் வழக்கமாகச் சொல்லும் கேலிதான். தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு தங்கச்சியைப் பற்றிக் கேட்டபோது இருந்த அதே குரல். அன்றைக்கும் அவள் கேலி செய்யவில்லை என்பது எனக்கு அங்கே, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

செமஸ்டர் தேர்வு முடிந்ததும் சொல்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். தேர்வு முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. ஸ்கூட்டியைத் தொடவில்லை. கல்லூரிக்குப் பஸ்ஸில் போகிறாள், ரோட்டைத் தாண்டும்போது யாராவது தாண்டும்வரை காத்திருந்து அவர்களோடு தாண்டுகிறாளாம். என்னோடு பேசுகிறாள், சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறாள். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

செய்துகொள் என்று சொல்ல வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். கொஞ்சம் வந்தாலும் வரலாம் என்றாரே. அந்தக் கொஞ்சத்துக்காகவாவது. ஆனால் நான் சொன்னால், அது கொஞ்சத்துக்காகச் சொல்வதாக அவளுக்குக் கேட்காது, முகத்துக்காகச் சொல்வதாகத்தான் கேட்கும். வேண்டாம் என்று சொன்னாலும் வேறு ஒரு பொய்யாகத்தான் கேட்கும். நேற்றுக் காலையில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம், "ஆபரேஷன் விஷயமா ஒண்ணு சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க என்னா நெனைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். பஸ் வரும் நேரம் என்று போய்விட்டாள்.

நான் என்ன நினைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்கிறாள். எனக்கே அது தெரியவில்லை. நேரான கண்களோடு அவள் எதிரில் வந்து நின்றால் நான் சந்தோஷப்படுவேன். அந்தச் சந்தோஷத்தில் எவ்வளவு அவளுக்காக, எவ்வளவு எனக்காக என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தால், பாதியிலேயே எழுந்துவிடுகிறேன்.